ஆளில்லாமல் போட்ட எடை

எடைமேடைக்காரரை ஏமாற்ற முடியாது என்பது லாரிக்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். இரும்பு லாரியோ மணல் லாரியோ, வண்டி மேடையில் ஏறி நின்றதும் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்துவிடுவார். ஓட்டுநர் இறங்க வேண்டும். கிளீனர் இறங்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் மூன்றாவது ஆளும் இறங்க வேண்டும். தார்ப்பாய்க்குள் படுத்திருந்த ஒருவரைக் குறட்டைச் சத்தத்தை வைத்தே பிடித்தவர் அவர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பொய் எடைச்சீட்டுகூட அவர் கையெழுத்தோடு வெளியே போனதில்லை. இதை அவரே சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டுக்குத்தான் அந்தப் பெட்டி வந்தது.

எந்த வீட்டில் என்ன டிவி நிகழ்ச்சி பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, டிவிக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் ஒன்றை வைத்துவிட்டு, கையில் ஒரு ரிமோட்டும் கொடுத்தார். அதில் ஒன்றாம் நம்பர் எடைமேடைக்காரர், இரண்டு அவர் மனைவி, மூன்று கல்லூரிக்குப் போகும் மகள். யார் டிவி முன்னால் உட்கார்ந்தாலும் அவரவர் நம்பரை அழுத்த வேண்டும்; பெட்டியில் அந்த நம்பர் விளக்கு எரியும். எழுந்தால் அணைக்க வேண்டும்.

"எதுக்கு சார் இது?" என்று மனைவி கேட்டார்.

"விளம்பரம் போடறவங்களுக்கும்மா. எந்த நேரத்துல எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியணும். உங்க வீடு ஒண்ணு, பத்தாயிரம் வீட்டுக்குச் சமம். வெளியில மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

விளம்பரம் என்ற வார்த்தை எடைமேடைக்காரர் காதில் ஏறவே இல்லை. பத்தாயிரம் மட்டும்தான் ஏறியது. அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. செய்தி பார்க்கப் பனியனோடு உட்கார்ந்தவர், சட்டை போட்டு உட்கார ஆரம்பித்தார். கொட்டாவி வந்தால் பெட்டிக்கு முதுகைக் காட்டி விட்டார்.

"அப்பா, அதுல கேமரா கிடையாது" என்றாள் மகள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார். பத்தாயிரம் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சட்டென்று எதையும் நம்பிவிட முடியுமா?

வினை ஏழரை மணி நாடகத்தில் வந்து நின்றது. ஞாபகம் தப்பிப்போன ஒரு டாக்டரம்மா, தன் சொந்த ஆஸ்பத்திரியிலேயே ஆயாவாக வேலை பார்க்கிறாள். அவள் யார் என்பதை நிரூபிக்கும் கவர் ஒன்று, மூன்று வருஷமாகப் பிரிக்கப்படாமல் பீரோவில் கிடக்கிறது. எடைமேடைக்காரரின் மனைவி அதை ஒரு நாள் விடாமல் பார்த்து, அளவாக அழுது, எழுந்து போய் அடுத்த வேலையைக் கவனிப்பார்.

"இது நம்ம பேர்ல பதிவானா அங்க என்ன நினைப்பாங்க? பத்தாயிரம் வீடும்மா!" என்றார் எடைமேடைக்காரர். "வேணும்னா நீ பக்கத்து வீட்டுல போய்ப் பாரேன்."

மனைவி ஒரு பார்வை பார்த்தார். எழுந்து பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய்விட்டார். அன்று முதல் ஏழரை ஆனால் இவர் வீட்டு டிவியில் ஆழ்கடல் மீன்கள் நீந்தின. எடைமேடைக்காரர் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றையும் அழுத்தி வைத்தார். குடும்பமே கூடி அறிவை வளர்த்துக்கொள்வதாகப் பதிவாகட்டும் என்ற நல்லெண்ணம்தான். மகளோ அடுத்த அறையில் போனுக்குள் தலையை விட்டிருந்தாள்.

சரி, இவராவது அந்த மீனைப் பார்த்தாரா? ஐந்து நிமிஷம் பார்த்தார். அந்தச் சேனலில் விளம்பரம் எல்லாம் முழங்கால் தைலமும் காதுக் கருவியும்தான். மூன்றே வாரத்தில் அவருக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்து, தைலமும் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆறாவது நிமிஷம் தையல்காரம்மா வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பார். "பீரோ சாவி எங்க?" என்பார். அடுத்த நாள் தீப்பெட்டி. வானத்தில் பொட்டு மேகம் இல்லாத நாளில் குடை எங்கே என்று கேட்டார். பதில் கிடைத்த பிறகும் நகரமாட்டார். டாக்டரம்மா அந்தப் பீரோப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வார்.

இப்படி மூன்று மாதம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், டாக்டரம்மாவுக்கு ஞாபகம் வந்தது. வில்லன் திருந்தினான். எல்லோரும் வரிசையாக நின்று சிரித்தார்கள். முற்றும் என்று போட்டுவிட்டார்கள். கவரை யாருமே பிரிக்கவில்லை.

மனைவி வீட்டுக்கு வந்தார். கூடத்தில் ஈ காக்காய் இல்லை. டிவியில் ஒரு திமிங்கிலம் போய்க்கொண்டிருந்தது. பெட்டியில் ஒன்று, இரண்டு, மூன்று எல்லா விளக்குகளும் எரிந்தன. பின்னாலேயே ஜன்னலிலிருந்து ஓடி வந்த எடைமேடைக்காரர், வாசலில் கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றார்.

நேரம் காலம் தெரியாமல் மகள் உள்ளேயிருந்து போனைப் பார்த்துப் படித்தாள்: "அம்மா, பார்க்கிறவங்க குறைஞ்சுட்டாங்கன்னுதான் உங்க நாடகத்தை நிறுத்திட்டாங்களாம்."

மனைவி அந்த இரண்டாம் நம்பர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரியில ஒரு ஆள் கூடுதலா இருந்தா, தூங்கறவனையும் எழுப்பி இறக்கிவிட்டு எடை போடற மனுஷன் நீங்க. வீட்டுல ஆளே இல்லாம மூணு ஆள் எடை போட்டிருக்கீங்களே!"

எடைமேடைக்காரர் அவசரமாக ரிமோட்டைத் தேடி எடுத்து மூன்றை அணைத்தார்.

"காலையில எழுந்ததுலருந்து நான் உக்கார்றது அந்த அரை மணி நேரம்தான். அதையும் அடுத்த வீட்டுல போய் உக்காந்தேன். இங்க என் பேரைச் சொல்லி மீன் பார்த்திருக்கீங்க."

அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு வந்தது, காபி வந்தது, வார்த்தை மட்டும் வரவில்லை. எடைமேடையில் அவர் இரண்டு சீட்டுகளில் தேதியை மாற்றி எழுதினார். ஓட்டுநர்களே அவரைத் திருத்தினார்கள். ஐந்தாம் நாள் தாங்க முடியாமல், பெட்டி வைத்தவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"நாடகத்தை நான்தான் சார் நிறுத்திட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "உங்க ஒரு வீட்டாலயெல்லாம் ஒரு நாடகம் நிக்குமா சார்? பல ஆயிரம் வீட்டுல பெட்டி வச்சிருக்கோம். இனிமே ஒழுங்கா மட்டும் அழுத்துங்க."

எடைமேடைக்காரருக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே ஒரு மாதிரியாகவும் இருந்தது. பத்தாயிரம் வீட்டுக்குச் சமமானவர், ஒரே போனில் ஒரு வீடாகிப் போனார். தப்பு தன்மேல் இல்லை என்ற நிம்மதியைவிட, தான் ஒன்றுமே இல்லை என்பது அதிகமாக வலித்தது. ஆனாலும் மனைவியிடம் சொன்னால் பேச்சு திரும்பும் என்று வீட்டுக்கு நடையை எட்டிப் போட்டார்.

மனைவி கூடத்தில், சொந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏழரைக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

"இன்னிக்குப் புது நாடகம் ஆரம்பிக்குது" என்றார். ஐந்து நாளில் முதல் வார்த்தை. "நம்ம வீடு பத்தாயிரம் வீட்டுக்குச் சமம்தானே? இதையாவது முடியற வரைக்கும் ஓட வைங்க."

எடைமேடைக்காரர் போனில் கேட்டதைச் சொல்ல வாயைத் திறந்தார். தன் இரண்டாம் நம்பரில் பத்தாயிரம் பேர் உட்கார்ந்திருப்பதாக மனைவி நம்பி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த எடையைக் குறைத்துச் சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, இன்னொருவருக்காகத் தெரிந்தே ஒரு பொய் எடையை விட்டுவிட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றை அழுத்தினார், இரண்டை அழுத்தினார். மூன்றைத் தொடவில்லை.

நாடகம் தொடங்கிப் பத்தாவது நிமிஷம், யாரோ ஒரு குழந்தை ரயிலில் தொலைந்ததும், முதலில் கண்ணைத் துடைத்தது அவர்தான். விளம்பரம் வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் குடிக்க எழுந்தார்.

"எங்க போறீங்க?" என்று மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "உக்காருங்க. அந்த ஆளு அன்னிக்கே சொன்னாரில்ல, பெட்டி வச்சதே இந்த விளம்பரத்துக்குத்தான்னு."