பால் காய்ச்சாத டிரெய்லர்

என் மனைவி போட்ட நிபந்தனை ஒன்றுதான். புது டிரெய்லரில் ஓர் இரவு அவளுக்குத் தூக்கம் வர வேண்டும். வராவிட்டால் அதை நாவலூரில் இருக்கும் அவளுடைய தம்பி மகனுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவன் அதை நிறுத்த இடம்கூடப் பார்த்து வைத்திருந்தான்.

ஓய்வு பெற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்புவார்கள். இல்லையென்றால் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகி அக்கம்பக்கத்தாரைப் படுத்துவார்கள். இரண்டாவதை நான் செய்து பார்த்தாயிற்று. அக்கம்பக்கத்தார்தான் போதும் என்றார்கள். அதன் பிறகு மறைமலைநகரில் ஒரு பட்டறையில் சொல்லி, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சின்ன டிரெய்லர் ஒன்றைச் செய்து வாங்கினேன். முன்பக்கம் இரண்டு பேர் படுக்க மெத்தை. பின்பக்கக் கதவை மேலே தூக்கினால் ஒரு கேஸ் அடுப்பும் மசாலா டப்பா வைக்கத் தட்டும். அதைப் பதிவு செய்ய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைகிறேனே என்று உறவினர்கள் பரிதாபப்பட்டார்கள். ஓய்வுக்குப் பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக, செங்கல்பட்டுக்கு அருகே ஓர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கென்று இருந்த பொது முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே வருகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள். நான் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். சமையல் கொட்டகைக்கு வெளியே எங்கும் அடுப்பு மூட்டக் கூடாது என்று எழுதியிருந்தது. நல்ல விதி. சுருக்கம், தெளிவு.

பக்கத்துக் கூடாரத்தின் முன்னால் ஐ.டி. வேலை பார்க்கும் மூன்று பையன்களும் ஒரு பெண்ணும் கரியடுப்பில் கோழி சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் காவலாளியைக் கூட்டிவந்து பலகையைக் காட்டினேன்.

"உட்டுடு சார், பசங்க ஜாலியா கீதுங்க" என்றார் அவர்.

விதிகளின் நோக்கம் பற்றி நான் ஆரம்பித்தேன். அதைக் கடைசிவரை கேட்பதைவிட நெருப்பை அணைப்பது சுலபம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பாதி வெந்த கோழி கொட்டகைக்குக் குடிபெயர்ந்தது. போகிறபோது அந்தப் பெண் "குட் ஈவ்னிங் அங்கிள்" என்றாள். அதில் வாழ்த்து எதுவும் இல்லை.

நான் திரும்பி வந்தபோது என் மனைவி கூடையிலிருந்து பித்தளைப் பாத்திரம், பால் பாக்கெட், மஞ்சள், குங்குமம் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள்.

"எதுக்கு இதெல்லாம்?"

"பால் காய்ச்ச வேண்டாமா?"

"இது என்ன வீடா?"

"படுக்க மெத்தை இருக்கு, அடுப்பு இருக்கு, மேல கூரை இருக்கு. வேற என்னன்னு சொல்றது? குவார்ட்டர்ஸ் மாறினப்பல்லாம் காய்ச்சினேனா இல்லையா? பால் பொங்காத எடத்துல எனக்குக் கண்ணு மூடாதுங்க."

"சரி, கொட்டகைக்குப் போய்க் காய்ச்சிட்டு வா."

"கொட்டகைல காய்ச்சினா கொட்டகைலதான் படுக்கணும்."

இந்த வாதத்தில் ஓட்டை தேடினேன். கிடைக்கவில்லை. காவலாளியிடம் போய், பால் காய்ச்சுவது சமையலில் சேராது, அது ஒரு சடங்கு என்று விளக்கினேன்.

"பொங்குனதுக்கு அப்பால அந்தப் பால இன்னா பண்ணுவீங்க?"

"குடிப்போம்."

"சக்கர போட்டா?"

"போட்டுத்தான்."

"அப்ப அது சமையல்தான் சார். அந்தப் பசங்கள இப்பத்தான் கெளப்பி உட்டீங்க. உங்களுக்கு மட்டும் சரின்னா அதுங்க என்னைய பேஜாரு பண்ணாதா?"

வேலையில் இருந்தபோது எத்தனையோ விண்ணப்பங்களை இதைவிடச் சொத்தையான காரணங்களுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவரை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

திரும்பிப் பார்த்தால் என் மனைவி காரில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுக்கொண்டுவிட்டாள். "இருட்டறதுக்குள்ள கெளம்பினா வீட்ல போய் தோசை ஊத்திடலாம். நாவலூருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றாள். கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பலகையை இன்னொரு முறை படித்தேன். கொட்டகைக்கு வெளியே நெருப்புக் கூடாது. கொட்டகைக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்று ஒரு வார்த்தை இல்லை.

டிரெய்லரைப் பின்னால் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் அது போகும். நான் கொட்டகையைக் குறிவைக்கும் ஒவ்வொரு முறையும் அது ஏரியைப் பார்த்துப் போனது. கொட்டகையிலிருந்து கோழிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"அங்கிள், ஏரில பார்க்கிங் இல்ல!" என்றாள் அந்தப் பெண்.

இறங்கிப் போய், கொஞ்சம் தள்ளிவிட முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்கு அங்கிள்?"

"ஆன்ட்டி பால் காய்ச்சணுமாம்."

"இதுக்கா? புது வீடா?" என்று அவள் கத்திவிட்டாள். எங்கள் பழைய பகை அத்தோடு முடிந்தது. கொக்கியைக் கழற்றி ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

"இன்னா மச்சான், கிரகப்பிரவேசத்துக்கு வூட்டையே தள்ளிகினு வர்றாங்க!" என்றான் ஒருவன்.

காவலாளி முன்னால் ஓடி, பஸ் கண்டக்டரைப் போல, "ரைட்ல வா, ரைட்ல வா, ஹோல்டான்!" என்று குரல் கொடுத்தார். டிரெய்லரின் பின்பாதி தகரக் கூரைக்குக் கீழே வந்து நின்றது. முன்பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

என் மனைவி பெல்ட்டைக் கழற்றினாள்.

அடுப்புக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துப் பற்றவைத்தாள். எல்லாரும் சுற்றி நின்று பாலையே பார்த்தோம். "பொங்குமா ஆன்ட்டி?" என்று கேட்டவனை, "வாயை மூடிக்கிட்டு நில்லு, பொங்கும்" என்று அடக்கினாள். பால் எழுந்தது, வழிந்தது, அடுப்பையும் அணைத்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் ஏரியையே எழுதி வாங்கியதுபோல் இருந்தது. காவலாளிக்குச் சர்க்கரை கூடுதல்.

பழைய இடத்துக்கே தள்ளிவிடலாம் என்றேன்.

"பால் காய்ச்சின வீட்டை அன்னைக்கே நகர்த்துவாங்களா?" என்றாள்.

ஆகவே அங்கேயே படுத்தோம். நான் புரண்டுகொண்டிருந்தேன். விடிந்ததும் ஒவ்வொரு கூடாரத்துக்காரர்களாகப் பாத்திரத்தோடு கொட்டகைக்கு வந்தார்கள். பால்காரர் வருவதற்கு முன்பே எழுந்து பாத்திரங்களை உருட்டுகிறவள் என் மனைவி. அன்றைக்கு டிரெய்லர் கதவு சாத்தியபடியே இருந்தது. தூங்குகிறாளா, தூக்கம் வராமல் சும்மா படுத்திருக்கிறாளா என்று தெரியாமல், பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவர்களும் கரண்டியைக்கூட மெதுவாகத்தான் வைத்தார்கள்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

"குறட்டையா அங்கிள்?" என்று கிசுகிசுத்தாள் கோழிக்காரப் பெண்.

"ஆமாம்" என்றேன். இவ்வளவு பெருமையாக நான் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு ஒரு சாண் திறந்தது. தலை கலைந்த என் மனைவி கொட்டகையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். "யாரு டீ போடறது? எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைங்க. நான் இன்னும் கொஞ்சம் படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.