அருவிக்கு அப்பாலும் பார்த்த எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. தங்கையாகிய நான் இதை எழுத உட்காரும்போதும், எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பதற்றம் போகவில்லை.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் ஓயாத தெருவில் பிறந்தவர் அக்கா. அப்பா தறி ஓட்டினார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். இத்தனை பேரும் எங்கிருந்து, எதற்காக வருகிறார்கள் என்ற கேள்விதான் அக்காவைப் புவியியல் படிக்க வைத்தது. கல்லூரி ஆசிரியரான பிறகு சுற்றுலாவையே ஆய்வுக்கு எடுத்தார். "ஊர் சுத்துறதுல என்னம்மா ஆராய்ச்சி?" என்று உடன் வேலை பார்த்தவர்களே சிரித்தார்கள்.

நானும் ஒருநாள் அதையே கேட்டபோது அக்கா சிரிக்காமல் பதில் சொன்னார். "முன்னால எங்க புவியியல் ஆளுங்க, எங்கன மலை இருக்கு, எங்கன கடல் இருக்கு, யாரு வாராங்கன்னு படம் வரைஞ்சதோட சரி. பொறவுதான் புறப்படுத ஊரு, வார வழி, போய்ச் சேருத இடம் எல்லாம் ஒண்ணையொண்ணு இழுக்குதுன்னு புரிஞ்சுது. ஒரு இடம் பேர் வாங்கி, நெரிசலாகி, நொடிச்சுப் போறதயும் கவனிச்சாங்க. அது எத்தனை பேரைத் தாங்கும்னு கணக்குப் போட்டாங்க. இப்போ அங்கனயே குடியிருக்கவங்களையும், எங்கயும் போக வழியில்லாதவங்களையும் சேத்துப் பாக்கணும்ங்காங்க."

அப்போது அக்காவின் ஆய்வு அந்தக் கணக்கில்தான் நின்றது: சீசனில் குற்றால அருவி எத்தனை பேரைத் தாங்கும்?

அதற்காகவே மாணவிகளைக் குற்றாலம் அழைத்துப் போனார். என் மகளும் அந்த வகுப்பு. மதியம் தொலைக்காட்சியில், அருவியில் திடீர் வெள்ளம் என்று ஓடியது. அக்காவுக்கு போன் அடித்தேன், மகளுக்கு அடித்தேன்; இரண்டும் கிடைக்கவில்லை. அங்கிருந்து வருகிறவர்களிடமாவது கேட்கலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். தென்காசி பஸ் ஒவ்வொன்றாக வந்தது. இறங்கிய முகங்களில் என் பிள்ளை இல்லை.

சாயங்காலம் கல்லூரி வண்டி வந்தது. எல்லாரும் இருந்தார்கள். மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பெரியம்மா எங்களைக் குளிக்க விடலம்மா."

நடந்தது இதுதான். வருகிறவர்களிடம் வழியைப் பற்றிக் கேட்கச் சொல்லி மாணவிகளை முதலில் பஸ் நிறுத்தத்தில் நிறுத்தியிருக்கிறார் அக்கா. மலைப் பக்கமிருந்து வந்தவர்கள் எல்லாரும் வழி முழுக்கப் பேய்மழை என்றார்களாம். அருவிக்கரையிலோ நல்ல வெயில். அக்கா மாணவிகளை வண்டியில் ஏற்றிவிட்டு, கரைக்குப் போய், "மேல மழை பெய்யுது, வெளிய வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். காவலர்களும் சேர்ந்து விரட்டினார்கள். சிலர் வந்தார்கள், சிலர் முறைத்தார்கள். வெள்ளம் பாய்ந்து வந்தபோது பாதுகாப்புக் கம்பியைப் பிடித்துத் தொங்கியவர்களைக் கயிறு போட்டு இழுத்தார்கள். உயிர் யாருக்கும் போகவில்லை.

ஆனாலும் அக்கா பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "தாங்குத எண்ணிக்கைன்னு ஒண்ணு கிடையாதுட்டி. மேல மழைன்னா அது சுழியம்" என்றார். ஏறக்குறைய முடிந்திருந்த ஆய்வைக் கிழித்துப் போட்டாற்போல ஒதுக்கிவிட்டு, மழையையும் வழியையும் அங்கே கடை வைத்திருப்பவர்களையும் சேர்த்து முதலிலிருந்து எழுதினார். பட்டம் தாமதமானது, பதவி உயர்வும் தள்ளிப்போனது. அதற்காக அவர் ஒரு வார்த்தை வருந்தி நான் கேட்டதில்லை. கூட்டம் என்றாலே கலங்குவது மட்டும் கடைசிவரை மாறவில்லை.

நோய் முற்றித் திருநெல்வேலி மருத்துவமனையில் இருந்தபோது பார்க்க வந்த மாணவிகளிடம்கூட, "எந்த பஸ்ல வந்தீங்க? திரும்ப எப்படிப் போவீங்க?" என்றுதான் கேட்டார்.

அந்நாட்களில் உடனிருந்த செவிலியர்களுக்கும், நோன்பு நாளிலும் கடையநல்லூரிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுத்த மாணவியின் தாயாருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அக்கா இருந்தால் அவர் காத்திருப்பார். இப்போது நான் காத்திருக்கிறேன்.