காவோலையை வெட்டச் சொன்னவள்

அந்தப் பனையின் காய்ந்த ஓலைகளை வெட்டச் சொன்னவள் நான்தான். ஓலைக்கு அடியில் கூடு இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

ஆறு வருடங்களாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. மாதம் தவறாமல் கோயிலில் சாமியாரிடம் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிடுகிறேன். வகுப்பில் பிள்ளைகளைத் திட்டினேன் சாமி, பூசைக்குப் பிந்தி வந்தேன் சாமி... இப்படிச் சில்லறைப் பாவங்களாகக் கொட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். இது மட்டும் தொண்டையைத் தாண்டுவதே இல்லை! முகம் தெரியாத உங்களிடம் சொல்லிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஓவிய ஆசிரியை. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆப்பிளும் பூச்சாடியும் வரையக் கற்றுக்கொடுப்பது பிழைப்பு. செடிகொடிகளை உள்ளது உள்ளபடி, நரம்புக்கு நரம்பு, அளந்து வரைவது என் பைத்தியம். சந்தானத்துக்குப் புகைப்படம் பைத்தியம். சின்னாளப்பட்டியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, ஸ்டுடியோ வைத்துக் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். ஒரு கண்காட்சியில் என் ஆவாரம்பூப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, “டீச்சர், நீங்க வரைங்க, நான் எடுக்கிறேன். ரெண்டு பேரும் சேந்து பனைக்குன்னு ஒரு புத்தகம் போடுவமா?” என்று கேட்டார். முன்பின் தெரியாத மனிதர்! நான் உடனே சரி என்றேன்.

ஒரே மரம். இடப்பக்கம் என் ஓவியம், வலப்பக்கம் அவர் படம். அதுதான் புத்தகத்தின் ஏற்பாடு. எரியோட்டுக்கு அருகே ஒரு சோளக்காட்டு வரப்பில் நின்ற பனையைத் தேர்ந்தெடுத்தோம். கொண்டைக்குக் கீழே காய்ந்த ஓலைகள் பாவாடைபோல் தொங்கும் மரம். அந்தக் காய்ந்த ஓலையைத்தான் காவோலை என்பார்கள்.

அந்தக் காவோலைக்குள் பனை உழவாரன் குருவிகள் குடியிருந்தன. தரையில் கால் ஊன்றாத பறவை. எச்சிலைப் பசையாக்கி, ஓலையின் அடிப்புறத்தில் கைப்பிடிப் பஞ்சை ஒட்டி, முட்டையையும் அதிலேயே ஒட்டிவைக்கும். சந்தானம் அதைக் கண்டுபிடித்த நாளில் சின்னப்பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். அவர் என் கையைத் தொட்டது அந்த ஒரு முறைதான். பிறகு அதை அவர் மறந்திருப்பார்... நான் மறக்கவில்லை.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எதையும் தொடக் கூடாது. குறுக்கே நிற்கும் ஒரு புல்லைக்கூட விலக்க மாட்டார். “நமக்காக அது மாறக் கூடாது டீச்சர். நம்மதான் செத்த நேரம் காத்துக் கெடக்கணும்” என்பார். செத்த நேரமா அது! சனிக்கிழமைதோறும் விடியலில் நான் பேருந்தில் போய் இறங்குவேன். அவர் வண்டியில் வந்து எனக்கு முன்பே உட்கார்ந்திருப்பார். பேச்சே கிடையாது. நான் கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றைப் பகிர்ந்து தின்போம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. அவருக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. என் வீட்டில் செபமாலை, அவர் வீட்டில் முருகன். நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை.

என் ஓவியம் நகரவில்லை. எனக்குத் தண்டின் மேற்பகுதி வேண்டும். மட்டையின் அடி இரண்டாகப் பிளந்து, ஒன்றின்மேல் ஒன்று மாறி மாறித் தண்டைக் கவ்விக்கொண்டிருக்குமே, அந்த அமைப்பு. அதைக் காட்டாவிட்டால் அது பனையின் ஓவியமே அல்ல. காவோலை அத்தனையையும் மூடிக்கொண்டிருந்தது. வேறு மரத்தைப் பார்த்து அந்த இடத்தை மட்டும் வரைந்திருக்கலாம். தாவர ஓவியர்கள் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் ஒரே மரம் என்பது எங்கள் பேச்சு.

ஓவியத்துக்காகத்தான் செய்தேன் என்று உங்களிடம் சொல்லிவிட எனக்கு ஆசைதான். பாதி அப்படித்தான். மீதிப் பாதி...? அவர் பார்வை எப்போதும் மேலேயே இருந்தது. என் தாளை எட்டிப்பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. குருவிகள் போய்விட்டால் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேனா? ஒரு குருவியிடம் பொறாமைப்பட்டேனா? சீ, என்ன பிறவி நான்!

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. கோயிலில் பவனிக்குக் குருத்து வேண்டுமென்று, எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த அந்தோணி அண்ணன் அந்தக் காட்டுக்கு வந்தார். பனையேறி அவர். சந்தானம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் மட்டும் லீவு போட்டுவிட்டு மரத்தடியில் இருந்தேன். அண்ணன் எங்கள் மரத்தில் ஏறிக் கொண்டையைத் தொட்டபோது கீழிருந்து கூவினேன்.

“அண்ணே, அப்படியே அந்தக் காவோலையவும் வெட்டி விட்ருங்க.”

“குருவி அடையுதே டீச்சர்?”

“அதெல்லாம் பறந்துபோயிருச்சுண்ணே. வெட்டுங்க.”

அம்புட்டுத்தான். ஒரு வரிப் பொய்!

ஓலைகள் சரசரவென்று விழுந்தன. ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். பஞ்சில் இரண்டு முட்டைகள். ஒன்று நசுங்கியிருந்தது. மற்றொன்று அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் உடையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் இறங்குவதற்குள் அந்த ஓலையைக் குவியலின் அடியில் செருகினேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். குருவிகள் இரண்டும் தலைக்கு மேலே கீச்சிட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. நான் வரைந்தேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். நான் வரைந்ததிலேயே சிறந்த ஓவியம் அதுதான்.

சனிக்கிழமையும் கல்யாண வேலை இழுத்ததால் திங்கட்கிழமை மாலைதான் சந்தானம் வந்தார்; பள்ளி விட்டு நானும் வந்திருந்தேன். மொட்டையாக நின்ற தண்டைப் பார்த்துவிட்டு வண்டியை அணைக்கக்கூட மறந்து நின்றார்.

“யாரு டீச்சர் இப்படிப் பண்ணுனது?”

“கோயிலுக்குக் குருத்து வெட்ட அந்தோணி அண்ணன் ஏறுனாரு” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, பார்த்தீர்களா! பொய்யில்லாமலே பொய் சொல்லும் வித்தை எனக்கு வந்துவிட்டிருந்தது.

அண்ணன் வீட்டுக்குப் போனோம். சந்தானம் சத்தம் போடவில்லை. “குருவி இருந்துச்சேண்ணே...” என்று மட்டும் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருடைய மூத்த மகள் என் வகுப்பில்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

“கவனிக்காமப் பண்ணிப்புட்டேன் சார். மன்னிச்சுக்கங்க.”

அந்த மனிதர் இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் சந்தானம் சொன்னார்: “அவரச் சொல்லிக் குத்தமில்ல. வாராவாரம் வந்து அந்த மரத்த ஆளுக கண்ணுல பட வச்சது நான்தான்.” அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அவர் அதற்குப் பிறகு எரியோட்டுப் பக்கம் வரவில்லை. புத்தகம் நின்றுபோனது. இரண்டு மாதத்தில் ஸ்டுடியோவை மூடிவிட்டு, திருப்பூரில் தம்பியோடு போய்ச் சேர்ந்துகொண்டார். போகுமுன் என் ஓவியத்தைக் கேட்டார். ஓலை போன பிறகு வரைந்தது என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லை!

“ரெண்டு பேருல அந்த மரத்துக்குத் தொந்தரவு குடுக்காதது நீங்கதான் டீச்சர்” என்று சொல்லிவிட்டு, அதை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனார். அது இப்போதும் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறதாம்.

நான் மட்டும் சனிக்கிழமைகளில் இன்னும் போகிறேன். சோறு ஒரு ஆளுக்குத்தான் கட்டுகிறேன், ஆனாலும் மிஞ்சிவிடுகிறது. வண்டிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன். நாற்பத்து நான்கு வயதில் இதெல்லாம் தேவையா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். எனக்கு அவரைப் பார்க்க வேண்டும். பேசவெல்லாம் வேண்டாம், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

பனை சும்மா இருக்கவில்லை. வருடத்துக்குச் சில ஓலைகளாகக் காய்ந்து, பாவாடை மறுபடி தொங்கிவிட்டது. போன மாதம் ஒரு சனிக்கிழமை அண்ணாந்து பார்த்தேன். ஒரு குருவி விர்ரென்று வந்து ஓலைக்குள் நுழைந்தது. பின்னாலேயே இன்னொன்று. வாயில் பஞ்சு!

அழுதுவிட்டேன். உடனே சொல்ல வேண்டும் என்று கைபேசியை எடுத்தேன். இந்த ஒரு செய்தி போதும், அவர் அடுத்த பேருந்திலேயே கிளம்பி வந்துவிடுவார். வந்தால் இந்த மரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்வார். அந்தோணி அண்ணனைப் பார்த்துப் பேசப் போவார். ‘தொந்தரவு குடுக்காதது நீங்கதான்’ என்று என் முகத்தைப் பார்த்து மறுபடி சொல்வார்... கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

நேற்று அவரே அழைத்தார். வருடத்துக்கு ஓரிரு முறை அழைப்பார். நலம் விசாரித்தார். தம்பி பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நம்ம மரத்துக்குக் குருவி ஏதும் திரும்பி வந்துச்சா டீச்சர்?”

நான் அப்போது அந்த மரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

“இல்லை” என்றேன்.