சொந்தக்காரர் மட்டும் வரலாம்

எங்கள் தொடர்மாடியில் மோட்டார் சைக்கிள் நிறுத்தக் கொட்டகை கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதன் சுவர் என் குசினி ஜன்னலை ஒட்டி வருகிறது. கீழ்மாடியில் இருக்கும் எனக்குக் கடற்காற்று வரும் ஒரே வழி அந்த ஜன்னல்தான். அதை அடைத்தால் அடுப்படியில் நான் அவிய வேண்டியதுதான். வெள்ளி மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள் என்றார்கள்.

கணவர் கட்டாரில். அதனால் எனக்காகக் கதைக்க நிந்தவூரிலிருந்து என் மூத்த சகோதரரான காக்காவை வரச்சொன்னேன். எங்கள் கூட்டங்களுக்குப் பெண்கள் போவதில்லை. போகவேண்டாம் என்று யாரும் சொன்னதுமில்லை. ஆண்கள் போவார்கள், நாங்கள் தேத்தண்ணி ஊற்றி அனுப்புவோம். எனக்கு அதுவே எரிச்சல். வேகப்போவது நான், கதைப்பது காக்காவா?

கூட்டத்துக்குப் போன சூட்டோடு காக்கா திரும்பி வந்தார், முகம் கறுத்துப்போய்.

"சொந்தக்காரர் மட்டும்தானாம் வரலாம். வெளியாள் கதைக்கேலாது எண்டு தலைவர் சொல்லிட்டார். விடு புள்ள, கட்டட்டும், பிறகு பாப்பம்."

என்னத்தைப் பிறகு பார்ப்பது? ஹபாயாவை மாட்டிக்கொண்டு நேரே போனேன். கீழ்மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகளில் ஆண்கள். தலைவரான ஹாஜியார் என்னைக் கண்டதும் எழும்பியே விட்டார்.

"என்ன தங்கச்சி, ஆம்புளையள் இருக்கிற இடத்தில..."

"சொந்தக்காரர் வரலாம்தானே ஹாஜியார்? வீட்டு உறுதிப்பத்திரம் என்ட பேர்ல. வந்திரிக்கன்."

"ஓம், அது சரி, ஆனா..."

"ஒங்கட வீடு ஆர்ட பேர்ல?"

கோபத்தில் வாயில் வந்ததைத்தான் கேட்டேன். கேட்ட பிறகுதான் அது என்ன கேள்வி என்று எனக்கே விளங்கியது. எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாப்பா ஒரு வீட்டை எடுப்பார், மகள் பேரில் உறுதி எழுதுவார், மாப்பிள்ளை அதற்குள் வந்து குடியிருப்பார். ஹாஜியாருக்குத் தாடி நரைத்ததும் மனைவியின் வீட்டில்தான். அந்தக் கதிரைகளில் இருந்த அத்தனை பேரும் மாப்பிள்ளைமார். தலைவர் சொன்ன சட்டப்படி அங்கே இருக்கக்கூடிய ஒரே ஆள், வாசலில் நின்ற நான். பின்னால் யாரோ சிரித்துவிட்டு, இருமல் மாதிரிச் சமாளித்தார்.

ஹாஜியார் தாடியைத் தடவினார். "அப்ப கூட்டத்த அடுத்த வெள்ளி வெப்பம். வீட்டுக்காரிமாரையும் வரச் சொல்லுங்க."

அந்த வெள்ளி பெண்கள் வந்தார்கள். ஆண்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, மனைவிமாருக்குக் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் வாய் திறந்தது ஹாஜியாரின் மனைவி.

"குசினி ஜன்னலயா அடைக்கப்போறீங்க? அடுப்படியில ஒருநாள் நிண்டு சமைச்சிப் பாருங்க. பிறகு கட்டுங்க."

கொட்டகை பின்மதில் பக்கம் போனது. ஜன்னல் பிழைத்தது. எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது!

அது நிலைக்கவில்லை. இப்போது மகளுக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள். எனக்கிருப்பது இந்த ஒரு வீடுதான். கலியாணத்தோடு உறுதி அவள் பேருக்கு மாறும்; பிறகு சொந்தக்காரி அவள்தான், நானில்லை. என் உம்மாவும் வாப்பாவும் எனக்குச் செய்ததுபோல நானும் மனமுவந்துதான் எழுதிக்கொடுப்பேன். நேற்று தேங்காய் திருவிக்கொண்டே அவளிடம் கேட்டேன்.

"சங்கக் கூட்டம் எண்டா நீ போவியா மகள்?"

"எனக்கென்னத்துக்கு உம்மா அது? வாற மாப்புள போவார்தானே."

ஜன்னலால் நல்ல காற்று வந்துகொண்டிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது.