வேட்டியும் முகமும் ஒரே ஃபிலிமில்

கிட்ட வந்து குந்துங்க. ஃபிலிம் கழுவுற தொழில்ல வேலை இருட்டுல, திட்டு வாங்குறது வெளிச்சத்துல. கேமராவுல ஃபிலிம் போட்டுக் கையைச் சுட்டுக்கினவங்க யாராவது இதைப் படிச்சா, நீங்களும் நம்ம ஆளுதான்.

கெட்டி நெகடிவ்

உத்திரமேரூர்ல எங்க ஸ்டுடியோவுக்குன்னு ஒரு பழக்கம். முகம் வெளுப்பா வரணும்னு ஃபிலிமை மருந்துல கொஞ்சம் கூடவே ஊற விடுவோம். நெகடிவ் கெட்டியா, கறுத்து வந்தாத்தான் கழுவினவளுக்குப் பேரு.

மானாம்பதி மேரி கல்யாண வூடுங்களுக்கு டிஜிட்டல்ல படம் எடுக்கிறவ. அவ நைனா அந்தோணி அண்ணன் கழனி வேலைக்காரர். ஈரல் கெட்டுப்போச்சு, இனிமே அதிக நாள் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். என் சாவுக்கு வைக்கிற படத்தை உசுரோட ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்னு மகள்கிட்ட கேட்டாராம். ஃபோன் கெட்டாலும் ஃபிலிம் கையில நிக்கும்னு அவ ஃபிலிம் கேமராவுல கறுப்பு வெள்ளை ரோல் போட்டு, உச்சி வெயில்ல வெள்ளை வேட்டியோட நிக்க வச்சு எடுத்தா.

நான் வழக்கம்போலக் கழுவினேன். ஸ்கேனர்ல வச்சா, கெட்டியான இடத்துல வெளிச்சம் நுழையல. வேட்டி சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் வந்துது, ஒரு மடிப்பு இல்ல. முகத்தையும் கம்ப்யூட்டர்ல வெளுப்பாக்கிக் கொடுத்தேன். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துட்டு மகளைக் கேட்டாராம்: "இது யாரு வூட்டு மாப்ளம்மா?"

நூறு ஸ்பீடு

ஸ்கேனுக்கு ஸ்பீடு கம்மியான, வெளிச்சத்தை மெதுவா வாங்குற ஃபிலிம்தான் சுத்தம், புள்ளி புள்ளியா தெரியாதுன்னு யாரோ மேரிக்குச் சொன்னாங்க. நூறு ஸ்பீடு வாங்கினா. அதுக்குள்ள அண்ணனால வெயில்ல நிக்க முடியல. வாசப்படிக்கு உள்ள நாற்காலி போட்டா. வெளிச்சம் கம்மி, ஃபிலிமும் மெதுவு, ஷட்டர் நேரம் எடுத்துக்கினுது. அவர் உடம்பு நடுங்குது. படத்துல முகம் கலைஞ்சுபோச்சு. இன்னொரு தடவை அசையாம இருக்கச் சொன்னதுக்கு அவர் சொன்னது: "அசையாம கெடக்கத்தானே போறேன், அப்ப எடுத்துக்க."

தண்ணி கலந்த மருந்து

அடுத்து நானூறு ஸ்பீடு ரோல்ல எடுத்துக்கினு வந்தா. முகத்துக்கு வெளிச்சம் அளந்து எடுத்திருக்கேன், வேட்டிக்கு அது அதிகம், அதனால வேட்டி கெட்டிப்படாம இருக்க மருந்துல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, அந்தக் கலவைக்கு உண்டான நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே எடுத்துடுங்கன்னா. எனக்குக் கை வரல. நெகடிவ் மெலிசா வந்தா ஊரு என்னைத்தானே சொல்லும்னேன். அவ குரலை உசத்தல. "முகம் வந்தா போதும் யக்கா. நைனாவுக்கு இன்னொரு தபா உக்காரத் தெம்பு இல்ல."

செய்யாத்து மணல்

நெகடிவ் ஈரத்தோட தொங்கச்சொல்ல வெறும் புகையாட்டம் இருந்துது. கெடுத்துட்டோம்னுதான் நெனச்சேன். ஸ்கேனர்ல வச்சதும் வேட்டி மடிப்பு மடிப்பா வந்துது. கறுத்த முகத்துல வெள்ளை முள்ளுத்தாடி, கண்ணுக்குக் கீழ சுருக்கம், எல்லாம் வந்துது. செய்யாத்து மணலாட்டம் புள்ளி தெரிஞ்சுது. கம்ப்யூட்டர்ல தேய்ச்சு விடவான்னேன், மேரி வேணாம்னா.

படத்தை நாங்க ரெண்டு பேருமா எடுத்துக்கினு போனோம். அண்ணன் படுத்த வாக்குல வாங்கிக் கண்ணுகிட்ட வச்சுப் பார்த்தார். "கறுப்பாத்தான் கீறேன். நான்தான்."

பேனர் கடை

அறுப்பு முடியறதுக்குள்ள போயிட்டார். அஞ்சலி பேனர் போட நானும் மேரிகூடப் போனேன். கடைக்காரர் யாரையும் கேட்காமலே கம்ப்யூட்டர்ல முகத்தை வெளுப்பாக்க ஆரம்பிச்சார். வேணாம்ணான்னு அவ சொல்லியும் கை நிக்கல. "செத்தவருக்குக் கொஞ்சம் களை வேணாமாம்மா?"

இத்தனை ஃபிலிமும் மருந்தும் மாத்திப் பார்த்ததுல, கடைசியா அண்ணன் முகத்தைக் காப்பாத்தினது, மேரி அந்தக் கம்ப்யூட்டர்ல வெளுப்பாக்காத படத்தையே திரும்பத் திறந்து வச்சுட்டு, கடைக்காரர் மறுபடி கை வைக்காதபடி மௌஸை ஒயரோட உருவி இடுப்புல சொருகிக்கினு பேனர் வெளிய வர்ற வரைக்கும் நின்னதுதான்.