சேற்றுத் தொட்டியில் அத்தான்

அக்காவும் அத்தானும் லண்டனிலிருந்து சிட்னிக்கு வந்து இறங்கியபோது, அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திச் சில கிழமைகள் ஆகியிருந்தன. இந்தச் செய்தி எனக்கு விமான நிலையத்தில்தான் தெரியவந்தது.

"தம்பி, குளிருக்குச் சுவெட்டரைப் போடச் சொல்லு அவரை" என்றாள் அக்கா.

அவர் ஒரு முழத் தூரத்தில்தான் நின்றார்.

"எனக்குக் குளிரேல்லை எண்டு அக்காவிட்டைச் சொல்லும்" என்றார் அத்தான்.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினேன். பத்து வருடமாக அலுவலகத்தில் ஆங்கிலத்தோடு மாரடிக்கிறவனுக்கு இது சுலபமான வேலையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

காரணத்தை அக்கா அடுத்த நாள் காலை, சிட்னியின் புறநகரான வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டுக் குசினியில் வைத்துச் சொன்னாள். அத்தான் லண்டனில் தபால் பிரிக்கிற இடமொன்றில் மேற்பார்வையாளராக இருந்தவர். அந்த வருடம்தான் ஓய்வுபெற்றார். பிரிப்பதற்குத் தபால் இல்லாமல் போகவே குசினிக்குள் நுழைந்தார். மிளகாய்த்தூள், மல்லி, சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் போத்தல்களில் போட்டு, ஆங்கிலப் பெயர் எழுதி ஒட்டி, அகரவரிசையில் அடுக்கிவிட்டார். ஒரு நாள் அவசரத்தில் பெருஞ்சீரகத்தைத் தேடிக் களைத்த அக்கா, "வேலைவெட்டி இல்லாட்டி இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டாள். முப்பது வருடம் ஒரு நாள்கூடப் பிந்தாமல் வேலைக்குப் போனவர் அத்தான். அந்த ஒரு சொல்லோடு வாயை மூடினார். அவர் மூடியதால் அக்காவும் மூடினாள். ஆனால் விமான டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாயிற்று. அதனால் பேசாமலேயே உலகத்தின் மறுகோடிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அத்தானுக்கு முழங்கால் வலியும் இருந்தது. ரயில் ஸ்டேஷனில் கிடந்த சுற்றுலாத் துண்டுப் பிரசுரமொன்றை அவர் எடுத்துவந்து மேசையில் விரித்தார். சிட்னிக்குத் தெற்கே கடலோர நகரம் வொலங்கொங். அங்கே கடல், பக்கத்திலேயே ஏரி, காட்டு விலங்குகள், போதாததற்கு மூட்டுவலி தீர்க்கும் சேற்றுக் குளியல்.

"உந்த இடம் உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியும் அத்தான்" என்றேன்.

நான் வொலங்கொங்குக்கு ஒரேயொரு தடவை, வேலைக்கான நேர்முகத்துக்குப் போயிருந்தேன். இரும்பு ஆலையின் புகைபோக்கியைப் பார்த்தேன். வேலை கிடைக்கவில்லை. கங்காருவைப் பொறுத்தவரை, இத்தனை வருடத்தில் நான் அதைக் கண்டது மிருகக்காட்சிசாலையிலும் சில்லறைக் காசிலும்தான். இருந்தாலும் லண்டன்காரருக்கு முன்னால் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள முடியுமா?

என் மனைவிக்கு அந்த வார இறுதியில் ஆஸ்பத்திரியில் வேலை இருந்தது. அவள் தன் வேலையை அவ்வளவு நேசித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. நாங்கள் மூன்று பேரும் புறப்பட்டோம். அத்தான் முன்னால், அக்கா பின்னால். மட்டன் ரோல்ஸ் நிறைந்த பெட்டி அக்காவின் மடியில்.

மலைச்சரிவில் கார் இறங்கும்போது கடல் திடீரென்று கண்ணுக்குக் கீழே விரிந்தது. நான் பெருமையோடு வேகத்தைக் குறைத்தேன். அத்தான் பார்த்தது கடலை அல்ல. தெருவோரம் நின்ற மஞ்சள் நிறக் கங்காரு எச்சரிக்கைப் பலகையைப் பார்த்து, காரை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் படம் எடுத்தார்.

"உயிரோடை இருக்கிறதைக் காணலாம் அத்தான், பொறுங்கோ" என்றேன்.

"பார்ப்பம்" என்றார். கடைசியில் அந்தப் பலகை மட்டும்தான் கிடைக்கும் என்ற நிச்சயம் அவர் குரலில் இருந்தது.

கடற்கரையில் வெள்ளைக் கலங்கரை விளக்கம் இருந்தது. ஊசியிலை மரங்கள் வரிசையாக நின்றன. காற்று தலைமயிரைப் பிடுங்கியது. அத்தானுக்குப் பிடுங்க அதிகம் இருக்கவில்லை. அவர் சப்பாத்தைக் கழற்றி, பெருவிரலை மட்டும் தண்ணீரில் வைத்து எடுத்துவிட்டு, "எங்கடை பிரைட்டன் கடலும் இப்பிடித்தான் குளிர்" என்றார். அவருக்கு அது பாராட்டு.

பின்னேரம் ஏரிக்குப் போனோம். நகரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் மலைக்கும் இடையில் அகலமாகக் கிடக்கிற ஏரி அது. காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது அழுகிய பாசி மணம் வந்தது. கரையோரம் கறுப்பு அன்னங்கள் கழுத்தை வளைத்துக்கொண்டு மேய்ந்தன. அத்தான் நெடுநேரம் பார்த்தார்.

"அன்னமெண்டால் வெள்ளையாய் இருக்கவேணும். லண்டனிலை அன்னமெல்லாம் மகாராணியின்ரை சொத்து. இதுகள் ஆற்றை சொத்து?"

"ஒருத்தற்றையும் இல்லை அத்தான். தன்பாட்டிலை திரியுதுகள்."

"அதுதான் இந்த நிறம்" என்றார்.

மீன் வெட்டுகிற மேசையைச் சுற்றிப் பெலிக்கன்கள் நின்றன. கலியாண வீட்டில் முதல் பந்திக்குக் காத்திருக்கிறவர்களைப் போல, ஒன்றும் தெரியாத முகத்தோடு ஒவ்வொரு அடியாக முன்னேறின. அதில் ஒன்று கொட்டாவி விட்டது. அதன் கீழ்வாய்ப் பை காற்றில் மடங்கி, தலை முழுவதும் உள்ளுக்குள்ளே போய்விட்டதுபோலத் தெரிந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தபடியே, "இஞ்சாருங்கோ, அதைப் பாருங்கோ" என்று அத்தான் பக்கம் திரும்பியவள், பாதியில் நினைவு வந்து, "தம்பி, பாரன்" என்று முடித்தாள். அத்தான் அந்தப் பெலிக்கனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், முதுகைக் காட்டியபடி.

சேற்றுக் குளியல் மறுநாள் காலை. பிரசுரத்தில் கண்ணாடி மண்டபமும் பூச்செடியுமாகப் படம் போட்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தது ஏரியை ஒட்டிய சாதாரண வீடொன்றின் பின்வளவில் நின்ற தகரக் கொட்டகைக்கு. நடத்தியவர் ஹங்கேரியிலிருந்து வந்த வயதான அம்மா. கை இரண்டும் முழங்கை வரைக்கும் சாம்பல் நிறமாக இருந்தன. காலையில் ஆண்கள், மதியத்துக்குப் பிறகு பெண்கள் என்று அறிவித்தார். உள்ளே இரண்டு குளியல் தொட்டிகள். இரண்டிலும் கூழ்ப் பதத்தில் சேறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அத்தான் அதை விரலால் தொட்டுப் பார்த்து, எனக்கு விளக்கினார்: "ஏரியின்ரை அடியிலை ஆயிரக்கணக்கான வருஷமாய்க் கிடந்த சேறு. அதிலைதான் சத்து."

நான் அதை ஆங்கிலத்தில் அந்த அம்மாவுக்குச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார். "இந்த ஏரியிலா? இதில் என் நாயைக்கூடக் குளிப்பாட்டமாட்டேன். இது ஐரோப்பாவிலிருந்து சாக்கில் வருகிறது" என்றார். கொட்டகையின் மூலையில் சாக்குகள் அடுக்கியிருந்தன. கொட்டகைக்கு வெளியே இருபது அடியில் ஏரி முழுவதும் சேறு.

ஐரோப்பா என்றதும் அத்தானுக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. சட்டையைக் கழற்றத் தொடங்கினார். அதே நேரத்தில் இன்னொரு மனிதரும் வந்தார். மசிடோனியாக்காரர், இரும்பு ஆலையில் வேலை பார்த்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர். வழுக்கை, கட்டையான கழுத்து, தடித்த மீசை. மூன்றும் அத்தானுக்கும் இருந்தன. அத்தான் இடது தொட்டிக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டு நான் வெளியே போனேன்.

அக்கா வெளியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரோல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

"காலமை மருந்து போட்டவர், ஒண்டும் சாப்பிடேல்லை. நான் போய்க் குடுக்கப்போறன்."

"நான் குடுக்கிறன் அக்கா."

"நீ ஒண்டும் குடுக்க வேண்டாம். எந்தத் தொட்டி எண்டு மட்டும் காட்டு."

அந்த அம்மாவிடம் கேட்டோம். எல்லோரும் கழுத்து வரைக்கும் மூடித்தான் இருக்கிறார்கள், தாராளமாகப் போகலாம் என்றார். உள்ளே ஆவியும் மங்கல் வெளிச்சமுமாக இருந்தது. இரண்டு தொட்டியிலும் இரண்டு தலைகள் தெரிந்தன. இரண்டிலும் சேறு பூசி, கண்ணுக்கு மேல் ஈரத்துணி போட்டிருந்தது. நான் இடது தொட்டியைக் காட்டினேன். அக்கா கையசைத்து என்னைப் போகச் சொன்னாள். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். தகரக் கொட்டகையில் வாசலுக்கு உள்ளே என்றும் வெளியே என்றும் பெரிய வித்தியாசமில்லை. எல்லாம் கேட்டது.

"இஞ்சாருங்கோ" என்று தொடங்கினாள் அக்கா. "நான் அண்டைக்கு அப்பிடிச் சொன்னது பிழைதான். அதுக்காக இவ்வளவு நாளும் கதையாமல் இருக்கிறதே? நீங்கள் வேலைக்குப் போகேக்கை, பின்னேரம் எப்ப வருவியள் எண்டு பார்த்துக்கொண்டிருப்பன். ஒவ்வொரு நாளும். இப்ப எந்த நேரமும் வீட்டிலைதான் நிக்கிறியள். எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஆளில்லை. அதைச் சொல்லத் தெரியாமல்தான் போத்தலிலை கோவத்தைக் காட்டினன். விளங்குதே?"

தொட்டியிலிருந்து "ம்ம்" என்று சத்தம் வந்தது.

"அடுக்கிறதெண்டால் அடுக்குங்கோ. என்னையும் ஒரு சொல்லுக் கேட்டிட்டு அடுக்குங்கோ. இப்ப வாயைத் திறவுங்கோ."

சிறிது நேரம் மெல்லுகிற சத்தம் கேட்டது. பிறகு கனத்த, கரகரத்த குரலொன்று ஆங்கிலத்தில், "ரொம்ப நல்லாயிருக்கிறது. இது ஆட்டிறைச்சியா?" என்று கேட்டது.

பெட்டி கீழே விழுந்த சத்தம் கேட்டு நான் உள்ளே ஓடினேன். அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். மசிடோனியாக்காரர் கண்துணியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாயில் பாதி ரோல்ஸோடு எங்களைப் பணிவாகப் பார்த்தார். இடது தொட்டியின் சேறு சூடு அதிகமென்று அத்தான் முறைப்பட்டதால், அந்த அம்மா ஆட்களை மாற்றிவிட்டிருந்தார்.

வலது தொட்டியில் எந்த அசைவும் இல்லை. ஈரத்துணியும் அப்படியே இருந்தது. அதற்குக் கீழிருந்து அத்தானின் குரல் மெல்ல வந்தது.

"தம்பி, அக்காவிட்டைச் சொல்லும். எனக்கும் ஒண்டு வேணுமெண்டு."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவரிடம் போய்விட்டாள். "ஏன், நேரை கேட்டால் வாய் சுட்டுப்போடுமோ?" என்று ஏசியபடி, விழுந்த பெட்டியில் தப்பிக் கிடந்த ஒன்றை எடுத்து அவர் வாயில் வைத்தாள். வைத்த கையாலேயே அவர் மீசையில் காய்ந்திருந்த சேற்றைத் துடைத்தாள். சேறு போகவில்லை, கன்னத்துக்குப் பரவியது.

"எல்லாம் கேட்டுதோ?"

"ஓம்."

"கேட்டுக்கொண்டு பேசாமல் கிடந்தியள்?"

"நீர் எனக்கெண்டு சொல்லேக்கை குறுக்கை கதைக்கிறது மரியாதையில்லை."

குளித்து முடித்து வெளியில் வந்த மசிடோனியாக்காரரிடம் அக்கா பலமுறை மன்னிப்புக் கேட்டாள். அவர் அதெல்லாம் சிகிச்சையின் ஒரு பகுதி என்றுதான் முதலில் நினைத்தாராம். "மனைவி போனபிறகு என்னை இப்படி ஒருவரும் ஏசியதில்லை. நல்லாயிருந்தது" என்றார். நன்றிக்கடனாக எங்களுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். அத்தான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கங்காரு, என்றார்.

மாலையில் அவர் தன்னுடைய பழைய வாகனத்தில் முன்னால் போக, நாங்கள் பின்தொடர்ந்தோம். காட்டுக்குள் கூட்டிப்போவார் என்று எதிர்பார்த்து அக்கா சப்பாத்து மாற்றியிருந்தாள். அவர் போய் நிறுத்தியது ஒரு கோல்ப் மைதானத்தில். பச்சைப் புல்தரையில் இருபது முப்பது கங்காருகள் முழங்கையை ஊன்றிச் சரிந்து படுத்திருந்தன. ஒன்று வயிற்றைச் சொறிந்தது. பந்து அடிக்க வந்த ஒருவர், எழும்புங்கோ என்று கையால் காட்ட, அவை அவரை அலட்சியமாகப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்தன.

"காடு எங்கை?" என்றார் அத்தான்.

நான் அதை ஆங்கிலத்தில் கேட்டேன். "காட்டில் புல் இவ்வளவு நன்றாக இல்லை" என்றார் அந்த மனிதர்.

அத்தான் கமராவை எடுத்தார். தெருப் பலகைகளை எடுத்தே படச்சுருள் முடிந்துபோயிருந்தது. அக்கா அதற்கும் சிரித்தாள். ஒரு தாய்க் கங்காருவின் பையிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்ப்பதற்காக இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, புல்தரையில் மெதுவாக நடந்து போனார்கள். நானும் மசிடோனியாக்காரரும் கார்களில் சாய்ந்து நின்று பார்த்தோம்.

திரும்பி வரும்போது அத்தான் பின்சீட்டுக்கு மாறிவிட்டார். வென்ட்வேர்த்வில் வரும் வரைக்கும் இருவரும் ஓயாமல் கதைத்தார்கள். மருமகனைப் பற்றி, பக்கத்து வீட்டு வேலியைப் பற்றி, ஐரோப்பாச் சேறா ஏரிச் சேறா சிறந்தது என்பதைப் பற்றி. அத்தானின் முழங்கால் வலி அப்படியே இருந்தது. அதன்பிறகு அவர்கள் எங்களோடு நின்ற இரண்டு கிழமையும் வீட்டில் பேச்சுச் சத்தம் ஓயவில்லை. வேலையால் களைத்து வரும் என் மனைவி, "இவை கதைக்கிறேல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்று ஏக்கத்தோடு கேட்டாள்.

அவர்கள் லண்டன் போய்ச் சில மாதங்களுக்குப் பிறகு, நான் எழுதிக்கொடுத்திருந்த இலக்கத்துக்கு ஒரு சனிக்கிழமை அந்த மசிடோனியாக்காரர் தொலைபேசி எடுத்தார். ரோல்ஸ் எங்கே வாங்கலாம் என்று கேட்டார். எங்கள் பக்கம் ஒரு கடை இருக்கிறது என்றேன். அவர் ரயிலேறி வென்ட்வேர்த்வில்லுக்கே வந்துவிட்டார். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் இரண்டு பெட்டி வாங்கிக்கொடுத்து, மேடையில் ரயிலுக்காக அவரோடு காத்துநின்றேன்.

"உன் அக்கா அன்றைக்கு என்னிடம் என்ன சொன்னார்?" என்று திடீரென்று கேட்டார்.

நான் கொஞ்சம் யோசித்தேன்.

"ரோல்ஸை மிச்சம் வைக்காமல் சாப்பிடச் சொன்னவ."

அவர் தலையை ஆட்டினார். "அப்படித்தான் நானும் நினைத்தேன். ஆனால் அதற்கு அவ்வளவு நேரம் எடுத்ததே?"

"தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை" என்றேன்.

ரயில் வந்தது. அவர் பெட்டிகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஏறினார்.