ஊருல இல்லீங்க

எங்கள் சங்ககிரிப் பக்கம் ஒரு நாசூக்கான பொய் உண்டு. வீட்டு ஆள் ஜெயிலில் இருந்தாலும் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தாலும், யாராவது கேட்டால் "ஊருல இல்லீங்க" என்போம். கேட்டவரும் புரிந்துகொண்டு பேச்சை மாற்றிவிடுவார்.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்த அங்கன்வாடி டீச்சரிடமும் அதையே சொல்லித் தொலைத்தேன். அவர் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். "உங்க அக்கா எங்க சார்?" என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "ஊருல இல்லீங்க" என்றேன். டீச்சர் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

அக்கா சேலத்தில் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தாள். பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டவள் இல்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம், "எலக்சனுக்கு என்னயக் கூட்டிட்டுப் போயிருவதான?" என்று கேட்பாள். ஒருமுறை அதைக் கேட்ட வார்டு ஊழியர் சிரித்தார். "இங்க இருக்கறவங்களுக்கு ஓட்டு எதுக்குங்க?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயிலில் இருப்பவன் தேர்தலில் நிற்கலாமாம், ஓட்டுப் போடக் கூடாதாம். என்ன சட்டமோ! ஆனால் அதே சட்டம் அக்காவைத் தடுக்கவில்லை. மனநிலை சரியில்லாதவள் என்று நீதிமன்றம் அறிவிக்காதவரை அவள் ஓட்டு சொந்த ஊரில்தான். அதை அந்த வார்டில் ஒருவரிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை. டாக்டரிடம் சண்டை போட்டு ஒருநாள் விடுப்பு வாங்கினேன்.

வாக்குப்பதிவு அன்று அக்கா கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பட்டியலில் என் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. வெளியே உதவி மேசையில் உட்கார்ந்திருந்த டீச்சரிடம் கத்தினேன். "பைத்தியம்னு நெனச்சு பேர அடிச்சுட்டீங்களா? யாரக் கேட்டு அடிச்சீங்க?"

டீச்சர் நோட்டைப் புரட்டினார். நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர் என்று எழுதியிருந்தது.

"உங்க அக்கா ஆஸ்பத்திரில இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா அடிச்சிருக்க மாட்டேன். நீங்கதான ஊர்ல இல்லன்னு சொன்னீங்க."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எவரிடமிருந்து மறைத்தேனோ, அந்த எதிர்வீட்டுக்காரரும் அங்கேதான் நின்றார். எனக்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. மை வைப்பதற்காக மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"நீ போய்ப் போடு சாமி," என்றாள். "நீ ஊருலதான இருக்கற."